சவுக்கு மரத்தடியில் நீலப் பழம்

இலங்கை மலையகத்தில் எந்த வீட்டை எடுத்தாலும் வெயில் விழாத ஒரு பக்கம் இருக்கும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) கோடிப்புறமோ, மண் வெட்டி இறக்கிய மேட்டுக்கு அடியிலோ, சவுக்கு மரம் (நாங்கள் சவுக்கு என்பது சில்வர் ஓக்கை) வரிசையாக நிற்கிற வேலியோரமோ ஏதாவது ஒன்று. அங்கே ரோஜா வைத்தால் வெறும் குச்சியாக நிற்கும், டாலியாக் கிழங்கு அழுகிப் போகும், கடைசியில் பழைய தகரத்தையும் மிலாறு விறகுக் கட்டையும் அடுக்கி வைத்துவிட்டு அந்த இடத்தை மறந்துவிடுவோம். அந்த மாதிரி இடத்துக்கு என்ன வைக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது டயனெல்லாதான். நம் மலைக்காட்டு ஓரத்திலும் பத்தனாப் புல்வெளி விளிம்பிலும் தானாக வளர்கிற செடி. ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருஷக்கணக்கில் நிற்கும், பக்கத்தில் பக்கத்தில் குருத்து விட்டுப் புதராகும். அப்புறம் அந்தப் பழம். பட்டாணி அளவில், பளபளவென்று, நல்ல நீல நிறத்தில், மெல்லிய காம்பில் தொங்கும். மழைக்காலத்து மங்கல் வெளிச்சத்தில்கூட தூரத்திலிருந்து கண்ணில் படும்.

டயனெல்லா என்சிஃபோலியா என்பது அதன் முழுப் பெயர். மடகாஸ்கரிலிருந்து இந்தியா, இலங்கை, தென்சீனம், ஜப்பான் என்று பசிபிக் தீவுகள் வரைக்கும் பரந்து கிடக்கிற இனம் இது. வெளிநாட்டு நர்சரிக்காரர்கள் இதன் வெள்ளைக் கோடு போட்ட ரகத்தை விற்கிறார்கள், கொழும்புப் பக்கம் அலுவலக வாசல்களில் இப்போது நிறையப் பார்க்கலாம். எனக்கு அந்தக் கோடு போட்டதைவிட நம் பச்சைதான் பிடிக்கும். கோடு போட்டது இலைக்காக வளர்ப்பது. பழம் பார்க்க வேண்டுமென்றால் சாதாரணப் பச்சையை வையுங்கள்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பூ இல்லாத காலத்தில் இது யார் கண்ணுக்கும் புல்லாகத்தான் தெரியும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா நான் இதை நட்ட காலத்தில் வந்து பார்த்துவிட்டு, "என்னா தம்பி, மானாப்புல்லுக்குப் போயி வேலி கட்டிக்கிட்டு இருக்க?" என்று கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை, அவர் வாழ்நாள் முழுக்க மானாப்புல் பார்த்தவர். வித்தியாசம் கிட்டப் போனால்தான் தெரியும். மானாப்புல்லைக் கசக்கினால் வாசம் மூக்கில் ஏறும், டயனெல்லாவுக்கு வாசமே கிடையாது. இதன் இலை எல்லாப் பக்கமும் சிதறி வராது, இடமும் வலமுமாக இரண்டே வரிசையில் விரித்த விசிறி மாதிரி அடுக்கி வரும். அடிப்பாகத்தில் ஒவ்வொரு இலையும் நடுவில் மடிந்து அடுத்த இலையைக் கவ்வியிருக்கும். விளிம்பை விரலால் மேலிருந்து கீழே தடவினால் சொரசொரப்பு தெரியும். தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே படுக்கையாக ஓடுகிற தடித்த கிழங்குத் தண்டு இருக்கும். இவ்வளவும் இருந்தால் அது டயனெல்லா.

பூவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழம் வருவதும் வராததும் அங்கேதான் முடிவாகிறது. இலைகளுக்கு நடுவிலிருந்து கம்பி மாதிரி ஒரு தண்டு எழும்பும், நல்ல செடியில் இடுப்பு உயரத்தைத் தாண்டும், மேலே கிளை பிரிந்து சின்னச் சின்ன மொட்டுகள் தலைகுனிந்து நிற்கும். பூ ஒன்று என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஆறு இதழ், வெளிர்நீலம் கலந்த வெள்ளை, விரிந்ததும் பின்னால் மடங்கிவிடும். நடுவில் ஆறு மகரந்தப் பைகள், அவற்றைத் தாங்குகிற காம்பின் மேல்பகுதி உப்பி மஞ்சளாக இருக்கும். சாதாரணப் பூவில் மகரந்தப் பை நீளவாட்டில் வெடித்துப் பொடி வெளியே வந்துவிடும். இதில் அப்படி இல்லை, பையின் நுனியில் ஒரு சின்னத் துளை மட்டும்தான். காற்றடித்தாலோ தேனீ வந்து உட்கார்ந்தாலோ பொடி லேசில் கொட்டாது. அதற்கென்று ஆள் வர வேண்டும். உடம்பில் நீலப் பட்டை போட்ட ஒரு தனித்தேனீ உண்டு, கூட்டமாக வாழாது, மண் சுவரிலோ மண் மேட்டிலோ தனித்தனியாகப் பொந்து வைக்கும். அது வந்து பூவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, இறக்கையை அசைக்காமல் மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். கிட்ட நின்றால் "ஜ்ஜ்ஜ்" என்று குட்டையாக ஒரு சத்தம் கேட்கும், பறக்கும்போது வருகிற சத்தத்தைவிடக் கூர்மையான சத்தம். அந்த அதிர்வில்தான் துளை வழியாகப் பொடி உதிர்ந்து அதன் வயிற்றில் விழும். நாம் பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பெரிய கரு வண்டுகளும் இதைச் செய்யும். அதனால், பூ நிறைய வருகிறது, பழம் மட்டும் நிற்கவில்லை என்று யாராவது சொன்னால், உரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான், பக்கத்தில் பூச்சிக்கு மருந்து அடிக்கிறீர்களா?

மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிற வீடுகளில் இது உண்மையிலேயே பெரிய பிரச்சினை. உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் கோவாவுக்கும் அடிக்கிற மருந்து அந்தப் பாத்தியோடு நிற்காது. மருந்து அடித்தே ஆக வேண்டும் என்றால் பூ விரிந்திருக்கிற காலை நேரத்தை விட்டுவிட்டுச் சாயந்தரம் அடியுங்கள். வீட்டுப் பின்னால் இருக்கிற மண் மேட்டை முழுக்கச் சிமெண்ட் பூசி மூடாமல் ஒரு பகுதியை விட்டு வையுங்கள், அந்தத் தேனீக்கு வேறு வீடு இல்லை.

பழம் பச்சையாக ஆரம்பித்துப் பழுக்கப் பழுக்க நீலமாகும். ஒரே தண்டில் மொட்டும் பூவும் பச்சைக் காயும் நீலப் பழமும் ஒன்றாக இருக்கும், அதுதான் இதன் அழகே. நசுக்கினால் விரலில் ஊதாக் கறை பிடிக்கும், உள்ளே கறுப்பாக, மினுமினுப்பாக நாலைந்து விதை இருக்கும். இன்ன மாதம் என்று கண்டிப்பாகச் சொல்ல முடியாது, எங்கள் டிக்கோயாப் பக்கத்தில் மழை விட்டு வெளிச்சம் கூடுகிற நாட்களில் அதிகமாக இருக்கும்.

பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இது சாப்பிடுகிற பழம் இல்லை. இதைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலாயாவிலும் தென்சீனத்திலும் இந்தச் செடியை அரிசியோடு சேர்த்து எலிக்கு விஷமாக வைத்திருக்கிறார்கள், கிழங்கும் இலையும் விஷம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பிள்ளைகள் மலையில் கண்டதையும் பறித்து வாயில் போட்டு வளர்கிறவர்கள், உண்ணிப்பழம், காட்டு ராஸ்பெரி, கொய்யா என்று எதையும் விடுவதில்லை. நீலமாகப் பளபளக்கிற ஒன்றைப் பார்த்தால் கை போகத்தான் செய்யும். நடக்கப் பழகுகிற குழந்தை உள்ள வீட்டில் இதை வாசலில் வைக்காதீர்கள், பெரிய பிள்ளைகளுக்குச் செடியைக் காட்டியே சொல்லிவிடுங்கள். ஆடு, மாட்டுக்குப் புல் அறுக்கிற இடத்துக்கும் இது வேண்டாம், அவசரத்தில் புல்லோடு சேர்த்து அறுபட்டுவிடும்.

இவ்வளவு எச்சரிக்கையோடு இதை ஏன் வளர்க்க வேண்டும், கடையில் அழகான பழச்செடிகள் எவ்வளவோ இருக்கின்றனவே என்று கேட்கலாம். என் பதில் இதுதான்: பழம் பழுக்கிற செடியை வைக்கிறவர், குருவி அந்த விதையை எங்கே கொண்டுபோய்ப் போடும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பூவுக்காக வைக்கிற செடி பெரும்பாலும் வேலிக்குள்ளே நிற்கும். பழத்துக்காக வைக்கிற செடி வேலிக்குள்ளே நிற்காது. கொண்டைக்குருவி காலையில் நம் வீட்டில் தின்றுவிட்டு மத்தியானம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் காட்டில் எச்சம் போடும்.

நம் மலையின் கதையே இதற்குச் சாட்சி. உண்ணிச்செடி அலங்காரத்துக்காக வந்ததுதான், இன்றைக்கு அது இல்லாத பாதையோரம் கிடையாது. மைக்கோனியா என்கிற சிறு மரம் 1888இல் பேராதனைத் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. இலையின் அடிப்பக்கம் ஊதாவாக இருக்கும், அந்த இலை அழகுக்காகவே கொண்டுவந்தார்கள், பின்னால் கண்டியைச் சுற்றியுள்ள மலைகளில் பரவிவிட்டது. நுவரெலியாப் பக்கம் ரோட்டோரத்தில் மஞ்சள் பூக் கொத்தோடு நிற்கிற காட்டு இஞ்சியைப் பார்த்திருப்பீர்கள், இமயமலைப் பக்கத்துச் செடி, பூ முடிந்ததும் காய் வெடித்து ஆரஞ்சு நிறத்துக்குள் சிவப்பு விதை தெரியும், பார்க்க அவ்வளவு அழகு, குருவிக்கும் அவ்வளவு பிரியம். ஒரு தடவை ஓடையோரத்தில் இறங்கிவிட்டால் அதன் கிழங்கு தரையை முழுசாக மூடிவிடும், வேறு எதுவும் முளைக்காது. தொட்டியில் சிவப்புப் பழத்தோடு விற்கிற ஆர்டிசியாவும் அப்படித்தான், புளோரிடாக் காடுகளில் அது இப்போது பெரிய தலைவலி.

அதே புளோரிடாவில் நான் இவ்வளவு நேரம் புகழ்ந்துகொண்டிருக்கிற டயனெல்லாவும் களையாகப் பரவிக் கிடக்கிறது! அங்கே அது அந்நியம். இங்கே அது சொந்த ஊர்க்காரன், காட்டுக்குள் விதை விழுந்தாலும் ஏற்கெனவே அங்கே இருக்கிற செடிதான் இன்னொன்று முளைக்கும். செடி ஒன்றுதான், எந்த மண்ணில் நிற்கிறது என்பதைப் பொறுத்து நல்லதாகவும் கெட்டதாகவும் ஆகிறது. அதனால்தான் எங்கள் மலைக்கு நான் இதைச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்குக் கிழங்கு கொடுத்து அனுப்ப மாட்டேன்.

சரி, கன்று எங்கே கிடைக்கும்? காட்டிலிருந்து தோண்டாதீர்கள். ஹோட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா, அதுவும் சிவனொளிபாதமலைக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறிய இடங்கள். இப்படிப்பட்ட காடுகளிலிருந்து ஒரு செடியைப் பிடுங்குவதுகூடச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், தேயிலைக்காக வெட்டியது போக மிச்சம் இருக்கிற காடு அது. அதில் கை வைக்கவே கூடாது. ஏற்கெனவே வளர்க்கிற வீட்டில் ஒரு பங்கு கேளுங்கள், நாலைந்து வருஷம் ஆன புதர் என்றால் தாராளமாகப் பிரித்துக் கொடுக்கலாம், அது செடிக்கும் நல்லது. எனக்கு பண்டாரவளைச் சித்தி வீட்டிலிருந்து வந்தது, என்னிடமிருந்து இந்த லயத்தில் பாதி வீட்டுக்குப் போயிருக்கிறது.

பிரிக்கும்போது கத்தியைக் கடைசியில் எடுங்கள். முதலில் புதரைச் சுற்றி மண் கிளறுகிற இரும்பு முள்ளைக் குத்தி நெம்பி, மண்ணோடு முழுசாகத் தூக்கி, தண்ணீர் ஊற்றி மண்ணைக் கழுவிவிட்டுப் பார்த்தால் கிழங்குத் தண்டு எங்கே எங்கே கிளை பிரிகிறது என்று தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று குருத்தும், நல்ல வெள்ளை வேரும் இருக்க வேண்டும். ஒற்றைக் குருத்தாகப் பிரித்தாலும் பிழைக்கும், ஆனால் பூப்பதற்கு ரொம்பக் காலம் எடுக்கும், பார்த்துப் பார்த்து வெறுத்துவிடுவோம். இலையைப் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள், வேர் அறுபட்ட செடியால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. கிழங்கு மண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் போதும், ஆழமாகப் புதைத்தால் அழுகும். காலால் மிதிக்காமல் கையால் நன்றாக அமுக்கி, மேலே பன்னத் (பெரணித்) தழையைக் குத்தி நிழல் கொடுங்கள். தேயிலைத் தவறணையில் (நாற்றுப் பண்ணையில்) வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. கன்று தலை தூக்கியதும் தழையை எடுத்துவிடலாம்.

நடுகிற காலம் நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் சித்திரை மழை ஆரம்பித்ததும் நட்டுவிடலாம், தென்மேற்குப் பருவமழை கொட்டத் தொடங்குவதற்குள் வேர் பிடித்துவிடும். ஆனி, ஆடியில் நடாதீர்கள், அந்த நசநசப்பில் வெட்டுக்காயம் ஆறாது. பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் அந்த மாதங்களில் மழை இல்லை, கச்சான் காற்று மட்டும்தான், இலை நுனியெல்லாம் காய்ந்துபோகும். அங்கே ஐப்பசி மழைதான் சரியான நேரம்.

இடம் தேர்ந்தெடுப்பதில் ஒரே விஷயம்: நிழல் என்றால் இருட்டு இல்லை. காட்டுக்கு நடுவே இதைப் பார்ப்பது குறைவு, காட்டு ஓரத்தில்தான் அதிகம். சவுக்கு மரம் இதற்கு ரொம்பப் பொருத்தம், இலை பிளந்து பிளந்து இருப்பதால் வெயில் சல்லடையாகக் கீழே இறங்கும். காலை வெயில் கொஞ்ச நேரம் நேராகப் பட்டால் இன்னும் நல்லது. முழு நிழலில் செடி சாகாது, இலை மட்டும் நீளநீளமாக வந்து சாயும், பூ குறைவு. முழு வெயிலில் இலை மஞ்சளாகும்.

மண்ணுக்கு நாம் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டாம். தேயிலை மண் புளிப்பு மண், அது இதற்குப் பிடித்ததுதான், யாராவது புளிப்பைக் குறைக்க டொலமைட் சுண்ணாம்பு போடச் சொன்னால் போடாதீர்கள். பிரச்சினை புளிப்பு இல்லை, இறுக்கம். பல வருஷமாக மிதிபட்ட லயத்து மண் களிமண் தகடாக இருக்கும். இரண்டு முள் ஆழத்துக்குக் குத்திப் பிரட்டி, மட்கிய இலையும் பழைய மாட்டெருவும் கலந்துவிடுங்கள். சவுக்கு இலை மட்க ரொம்ப நாள் எடுக்கும், ஆனால் அதையே மேலே மூடாக்காகப் போட்டால் இந்தச் செடிக்கு அதைவிட நல்ல போர்வை கிடையாது. முற்றத்தைக் கூட்டுகிறபோது அந்த இலையைக் குவித்துக் கொளுத்துகிற பழக்கத்தை விடுங்கள், எல்லாவற்றையும் இதன் அடியில் கொண்டுபோய்க் கொட்டுங்கள். காட்டில் யாரும் கூட்டிப் பெருக்குவதில்லை, அந்த இலைக் குவியலுக்குள்தான் இதன் வேர் ஓடுகிறது.

மழைத் தண்ணீரை மட்டும் கவனிக்க வேண்டும். மேட்டிலிருந்து வழிந்து வருகிற தண்ணீர் புதரின் அடியில் தேங்கினால் கிழங்கு கறுத்து, இழுத்தால் குருத்து கையோடு வந்துவிடும். செடிக்கு மேற்பக்கம் குறுக்காக ஒரு சின்னக் கான் வெட்டிப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் போதும். வெயில் காலத்தில், வேர் பிடித்த செடிக்கு மூடாக்கு இருந்தால் தண்ணீர் அதிகம் தேவைப்படாது. தொட்டியில் இருந்தால் கதை வேறு, மேல் மண் காய்ந்ததும் ஊற்ற வேண்டும்.

உர விஷயத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். தேயிலைக்குப் போட்டது போக மிஞ்சிய யூரியாவைக் கொண்டுவந்து போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இலை கரும்பச்சையாக, மதர்த்து வரும், பார்க்க சந்தோஷமாக இருக்கும், ஆனால் பூத்தண்டு வராது, மழையில் அந்த மெத்தென்ற இலையில்தான் புள்ளி நோய் முதலில் விழும். மழை ஆரம்பத்தில் ஒரு கைப்பிடி மட்கிய எரு, அவ்வளவுதான். புல்லுக்கு மருந்து அடிக்கிறவர்கள் வரும்போது ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள், தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இதுவும் புல்தான்.

கவாத்து இதற்குக் கிடையாது. தேயிலைக்கு வெட்டுகிற கை பழக்கத்தில் எல்லாவற்றையும் மட்டமாக வெட்டத் தோன்றும், அப்படி வெட்டினால் விசிறி அடுக்கு கெட்டுப் பழுப்பு நுனியோடு மொட்டையாக நிற்கும். காய்ந்த இலையை ஒவ்வொன்றாக அடியில் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் கழன்று வந்துவிடும். பழம் உதிர்ந்த தண்டை மட்டும் அடியோடு நறுக்குங்கள்.

எதிரிகள் என்று பார்த்தால் அதிகம் இல்லை. நத்தை இளங்குருத்தைக் கடிக்கும், இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கிப் போடுவதே போதும். இலைப் புள்ளி வந்தால் அந்த இலையை எடுத்து, புதருக்குள் காற்றுப் போக வழி செய்யுங்கள். காட்டுப்பன்றி இறங்குகிற இடமென்றால் அது மண்புழுவுக்காகப் பாத்தியைக் கிளறும்போது செடியும் பெயர்ந்து கிடக்கும், காலையில் பார்த்ததும் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். நுவரெலியா உயரத்தில் தை, மாசி உறைபனி இலையைக் கருக்கும், மூடாக்குக் கனமாக இருந்தால் கிழங்கு தப்பித்துத் திரும்ப வரும். கருகிய இலையை உடனே வெட்டிவிடாமல் பனிக்காலம் முடியும்வரை விட்டு வையுங்கள், அதுவும் குருத்துக்கு ஒரு மறைப்புதான்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், பொறுமை வேண்டும். நன்றாக நீலமான பழத்தைக் கையுறை போட்டு நசுக்கி, சதையைக் கழுவி, காயவிடாமல் அன்றைக்கே போட வேண்டும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது, பிறகு ஒன்றிரண்டாக, ஒழுங்கில்லாமல் முளைக்கும், ஒன்றும் வரவில்லை என்று தட்டை எறிந்துவிடாதீர்கள். அதிலிருந்து பழம் பார்க்க இன்னும் சில வருஷம் ஆகும். பள்ளிக்கூடத் தோட்டத்தில் வைக்க நினைக்கிற ஆசிரியர்கள் விதையை விட்டுவிட்டுப் பிரித்த கன்றையே நடுங்கள், ஒரே வகுப்புப் பிள்ளைகள் நட்டுப் பூவையும் பார்த்துவிட்டுப் போகலாம். பழத்தைத் தொட்ட கையைக் கழுவச் சொல்வதும் அந்தப் பாடத்தில் சேர்ந்தது.

ஒற்றைச் செடியாக வைத்தால் எடுபடாது, ஐந்தாறு கன்றை ஒன்றரை அடி இடைவெளியில் கூட்டமாக வையுங்கள், முன்னால் பன்னம், பின்னால் ஏலச்செடி இருந்தால் அந்த மூலை முழுக்க நிறைந்துவிடும். எங்கள் பக்கத்தில் சித்திரை மழைக்கு நான் மேட்டோரத்துப் புதரைப் பிரிக்கப் போகிறேன். டிக்கோயா, ஹட்டன் பக்கம் இருக்கிறவர்கள் கூடையோ உரப்பையோ எடுத்துக்கொண்டு வாருங்கள், வேர் காயாமல் கொண்டுபோக ஈரச் சாக்கு ஒன்றும் சேர்த்து.